இலை இல்லாத பூ

அத்தியாயம் 9

"உங்க கட்சிக்காரர் பொய் சொல்றார், மிஸ் வெயின். அதையாவது உருப்படியா சொல்றாரா, அதுவும் இல்ல."

லண்டன் உயர் நீதிமன்றத்தின் நீண்ட தாழ்வாரத்தில் நின்றுகொண்டு கிறிஸ்பின் லாம்போர்ன் இதைச் சொன்னார். அமைச்சகத்தில் பெரிய அதிகாரி. தலைமுடியிலிருந்து காலணி வரை எல்லாம் கச்சிதம். கோட்டின் மார்பில் ஒரு சிவப்புக் காகிதப் பாப்பிப் பூ, இரண்டு இதழும் ஒரு பச்சை இலையுமாக. நவம்பர் பிறந்துவிட்டால் போரில் மாண்டவர்களின் நினைவாக இந்த ஊரில் எல்லோரும் அதைக் குத்திக்கொள்வோம். அமைச்சக ஆட்களோ, அது இல்லாமல் வெளியே வருவதைக் கால்சட்டை இல்லாமல் வருவதற்குச் சமமாக நினைப்பார்கள்.

ஹெஸ்டர் வெயின் பதில் சொல்லவில்லை. முன்னாள் போலீஸ் இன்ஸ்பெக்டர், இப்போது ஒரு வக்கீல் நிறுவனத்துக்காகத் துப்பறிகிறவர். எதிராளி பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது அவருடைய திறமையில் பாதி. அந்தப் பாதியை வாயைத் திறந்து கெடுப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார். நான் எம்லின் ப்ரோசர், அவருடைய உதவியாளன், வேல்ஸ்காரன்.

"சார், பொய்ய உருப்படியா சொல்றதுக்கு உங்க அமைச்சகத்துல பயிற்சி வகுப்பு நடக்குதாமே. எங்க ஆளையும் கொஞ்சம் சேத்துக்குவீங்களா?" என்றேன்.

லாம்போர்ன் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் பக்கத்தில் நின்ற அரசுத் தரப்பு வக்கீல் ஆனர் விட்லாக், இந்த ஊர் வக்கீல்கள் கோர்ட்டில் அணிகிற வெள்ளைப் பொய்முடியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கட்சிக்காரர் இத்ரிஸ் ஸெரூவாலி. பிரிஸ்டலில் பேருந்துகளுக்கு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக். சில வருடங்களுக்கு முன்னால் தங்கையின் கல்யாணத்துக்கு மொராக்கோ போன இடத்தில் விமான நிலையத்திலேயே பிடித்து, நம் கூட்டாளி நாடு ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அது எந்த நாடு என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் பெயரைச் சொன்னால் தேசப் பாதுகாப்பு கெட்டுவிடுமாம், அதனால் நீதிமன்றத்தில் அதற்கு 'நாடு பி' என்று பெயர். கேட்கும்போது சிரிப்பு வரும். இத்ரிஸின் மணிக்கட்டுத் தழும்புகளைப் பார்த்த பிறகு வராது.

நாடு பி-யின் ரகசியச் சிறையில் அவரை மணிக்கட்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மூச்சு முட்ட முட்டத் தண்ணீர் ஊற்றினார்கள். கண்ணைக் கட்டியிருந்தார்கள், துணிக்கு அடியில் கொஞ்சம்தான் தெரியும். மூலையில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், ஒரு நாளும் வாய்விட்டுப் பேச மாட்டார். அவர் எழுதிக் கொடுக்கிற கேள்வியை நாடு பி-யின் ஆள் உரக்கக் கேட்பான். எல்லாமே பிரிஸ்டல் பணிமனையைப் பற்றிய கேள்விகள். யார் எந்த மேசையில் சாப்பிடுவார்கள் என்பது வரைக்கும். அந்த நவம்பரில் ஒரு நாள் அங்கே ஒரு சிவப்புக் காகிதப் பூ தரையில் விழுந்தது என்று இத்ரிஸ் இந்த வழக்குக்கான வாக்குமூலத்தில் சொல்லியிருந்தார்.

வலி தாங்காத ஒரு நாளில் இத்ரிஸ் ஒரு பெயரைச் சொல்லிவிட்டார். தம்பி ஹிஷாம். சும்மா, அடி நிற்பதற்காக. இத்ரிஸை நிரபராதி என்று பிறகு விட்டுவிட்டார்கள். ஹிஷாம் இன்றைக்கும் நாடு பி-யின் சிறையில்தான் இருக்கிறான், அந்த ஒரு வார்த்தையின் பேரில்.

இந்த வழக்கில் இத்ரிஸ் கேட்பது நஷ்ட ஈடு அல்ல. அந்த அறையில் நம் நாட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார் என்று இந்த அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஹிஷாம் பெயரைச் சொன்ன வாக்குமூலம் சித்திரவதையில் பிடுங்கப்பட்டது என்றாகும், ஹிஷாமை விடச் சொல்லிக் கேட்கிற கடமை லண்டனுக்கு வரும். அரசாங்கத்தின் பதிலோ லாம்போர்ன் கையெழுத்தில் சத்தியப் பத்திரமாக வந்தது. எங்கள் அதிகாரி யாரும் அங்கே போகவில்லை. நாடு பி-யிடமிருந்து இதுபற்றி ஒரு துண்டுக் காகிதம்கூட எங்களிடம் இல்லை. அவர்களுடைய விமானம் ஒன்று அந்த நவம்பரில் நாடு பி-க்குப் போகும் வழியில் ஸ்காட்லாந்தில் எண்ணெய் நிரப்ப இறங்கியது உண்மை, ஆனால் அதில் யாரும் ஏறவில்லை.

நீதிபதி மறுநாள் காலை வரை அவகாசம் கொடுத்திருந்தார். அதற்குள் எல்லோரும் பார்க்கக்கூடிய ஆதாரம் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் மிச்ச வழக்கு மூடிய கதவுக்குள் நடக்கும். உள்ளே நீதிபதியும் அரசாங்கமும். வெளியே இத்ரிஸும் அவருடைய வக்கீலும். அந்தக் கதவுக்குள் போன வழக்கு எதுவும் உயிரோடு திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

"ஒரு சிவப்புக் காகிதப் பூ தரையில விழுந்துச்சாம், அதனால அங்க உட்கார்ந்தவர் நம்ம ஆளாம்!" லாம்போர்ன் சிரித்தார். "பாப்பிப் பூன்னா பச்சை இலை இருக்கும்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், மிஸ் வெயின். இலைகூட இல்லாத ஒரு காகிதத்தக் காட்டி ஒரு அரசாங்கத்தையே கூண்டுல ஏத்தப் பாக்கறீங்க. இந்த விஷயம் வெளிய வந்தா நமக்கு உளவுத் தகவலே தர மாட்டோம்னு நாடு பி நேத்து சொல்லிட்டாங்க. நாளைக்கு லண்டன்ல குண்டு வெடிச்சா பொணத்த எண்ணப் போறது நீங்களா?"

"மிரட்டுறது நாடு பி-யா, நீங்களா?" என்றார் ஹெஸ்டர். அன்று காலை அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

விட்லாக் லாம்போர்னின் காதருகே ஏதோ கேட்டார். "எல்லாம் அந்தாளு வாக்குமூலத்துலயே இருக்கு, படிங்க ஆனர்," என்று கையை வீசிவிட்டு லாம்போர்ன் திரும்பினார். திரும்பிய வேகத்தில் மார்பிலிருந்த பூ கழன்று தரையில் விழுந்தது. அந்தப் பூவின் குண்டூசி யாருக்கும் ஒழுங்காக நின்றதில்லை. லாம்போர்ன் சட்டென்று குனிந்து எடுத்து, மறுபடியும் குத்திக்கொண்டு போனார்.

* * *

இத்ரிஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லாம்பெத்தில் ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தார். ரொட்டியும் ஆலிவ் காயும் மேசையில் இருந்தன. எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"மறுபடியும் கேள்வியா? அவங்க கேட்டாங்க. அப்புறம் வக்கீல் கேட்டாரு. டாக்டர் கேட்டாரு. இப்ப நீங்க. கேட்டுக் கேட்டே என்னக் கொல்லுங்க."

"ஒரே ஒரு கேள்வி," என்றார் ஹெஸ்டர். "அந்தப் பூ எப்படி இருந்துச்சு?"

இத்ரிஸ் நிமிர்ந்து பார்த்தார். "இத யாரும் கேக்கல."

"வாக்குமூலத்துல பூன்னு எழுதியிருக்காங்களே?"

"பாப்பியான்னு கேட்டாங்க, மேடம். இல்லைன்னேன். பேனாவ மூடி வச்சுட்டாங்க. வருஷா வருஷம் பணிமனை வாசல்ல நானே பாப்பி வாங்கிக் குத்தினவன். எனக்குத் தெரியாதா? அது பாப்பி இல்ல. அது வேற."

"சரி. அது என்னன்னு எனக்குச் செஞ்சு காட்டுங்க."

மேசையில் காலியாகக் கிடந்த சிவப்பு உருளைக்கிழங்கு வறுவல் பையை இத்ரிஸ் எடுத்தார். எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற விரல்கள். நிதானமாகக் கிழித்தார். வட்டமாக ஓர் இதழ், பிறகு இன்னொன்று. ரெண்டில் நிற்கவில்லை. நான்கு இதழ்களைச் சுற்றி வைத்து நடுவில் ஒரு கறுப்பு ஆலிவை வைத்தார்.

"கட்டியிருந்த துணிக்குக் கீழ மூக்கு ஓரமா கொஞ்சம் தெரியும். இது விழுந்துச்சு. நாடு பி ஆளு சிரிச்சான். 'என்ன, இவனுக்குப் பூ வேற கொண்டாந்தியா?'ன்னான். ஒரு கை வந்து எடுத்துக்கிச்சு. அவ்வளவுதான்."

"இலை?"

"இலை கிடையாது. குச்சியும் இல்ல. நாலு சிவப்பு, நடுவுல கறுப்பு. யாரோ சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்துல செஞ்சு குடுத்திருக்கும்னு நினைச்சேன். இப்படி ஒரு வேலை பாக்கறவனுக்கும் வீட்ல பிள்ளை இருக்கும்லன்னு." அவர் ஆலிவை எடுத்துத் தட்டில் போட்டார். "போதுமா? இது பாப்பி இல்லைன்னு எழுதிக்கிட்டு நீங்களும் பேனாவ மூடுங்க."

ஹெஸ்டர் நான்கு இதழ்களையும் கைக்குட்டையில் மடித்து எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கோ மனசு விட்டுப்போயிற்று. எங்களிடம் இருந்தது ஒரு பூ, அதுவும் பாப்பி இல்லை என்று எங்கள் ஆளே சொல்லிவிட்டார்.

* * *

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் திரும்பி நடந்தோம். ஆற்றுக் காற்று காதை அறுத்தது. பாலத்தின் நடுவில் கட்டம் போட்ட பாவாடையும் குட்டைக் கோட்டுமாக ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தோல்பையில் காற்றை அடைத்து ஊதுகிற பைக்குழலை ஊதிக்கொண்டிருந்தார். ஆட்டைப் பிடித்து வாலை முறுக்கியது போன்ற சத்தம்.

"மேடம், நாடு பி-க்கு இந்தாள அனுப்பியிருந்தா தண்ணி ஊத்தற செலவு மிச்சம்."

"வாய மூடு, ப்ரோசர்."

மூடியிருப்பேன். ஆனால் அவர் மார்பில் குத்தியிருந்த பூ கண்ணில் பட்டுவிட்டது. "அண்ணே, உங்க பூவோட இலைய யாரோ மேஞ்சுட்டாங்க!"

பைக்குழல் ஒரு முனகலோடு நின்றது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"வேல்ஸ்."

"அதான். உங்களுக்கும் இங்கிலீஷ்காரன் குடுக்கறதுதான். ரெண்டு இதழ வெட்டி, இருக்கவே இருக்குன்னு ஒரு பச்சை இலைய ஒட்டிடுவான். காட்டுல போய்ப் பாரு, பாப்பிக்கு நாலு இதழ். எங்களுக்கும் நாலு இதழ். இலைக்கெல்லாம் எங்ககிட்ட இடமில்ல. எடின்பரோல செய்றது. எல்லையத் தாண்டினா எந்த உண்டியல்ல காசு போட்டாலும் இதான் குடுப்பான். இங்க கிடைக்காதுன்னு எங்க தங்கச்சி தபால்ல அனுப்புறா. படிச்ச மாதிரி இருக்க, இதுகூடத் தெரியல."

ஹெஸ்டர் கைக்குட்டையைப் பிரித்து அந்த வறுவல் பை இதழ்களை அவருடைய மார்புக்குப் பக்கத்தில் பிடித்தார். நான்கு, வட்டமாக. இலை இல்லை. எனக்கு வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை.

"பாப்பிதான், மேடம்," என்றேன் கடைசியில். "இத்தனை நாளும் பாப்பிதான்."

"ஸ்காட்லாந்துப் பாப்பி," என்றார் ஹெஸ்டர். "நாடு பி-யோட பேச்சுவார்த்தைக்கு அப்ப நம்ம அமைச்சகத்துல யார் தலைமை?"

"டூகல் கின்னெய்ர்ட். விருந்துக்கெல்லாம் பாவாடைலதான் வருவாராம். அந்தாளு மூச்சு விட்டாலே ஸ்காட்லாந்து வாசம் அடிக்கும்னு சொல்வாங்க."

"வண்டிய எடு."

* * *

கின்னெய்ர்ட் ஓய்வுபெற்று லண்டனிலேயே, பிளாக்ஹீத்தில் இருந்தார். எழுபது வயது, மலை மாதிரி உடம்பு. கையில் மண்வெட்டியோடு கதவைத் திறந்தார். ஹெஸ்டர் தன் பெயரைச் சொன்னதும் மண்வெட்டி கொஞ்சம் உயர்ந்தது.

"ஸெரூவாலி கேஸா? போயிடுங்க. ரகசியம் காப்பேன்னு கையெழுத்துப் போட்டவன் நான். வாயத் திறந்தா ஜெயிலு."

"வாயத் திறக்க வேணாம். உங்க பூவ மட்டும் பாத்துக்கறோம்," என்றார் ஹெஸ்டர்.

"என் பூவா?"

கதவுக்குப் பின்னால் கொக்கியில் அவருடைய கோட்டு தொங்கியது. நான் எட்டிப் பார்த்தேன். பிடித்துவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பார்த்த பிறகு நின்றேவிட்டது. கோட்டில் பாப்பி இருந்தது. ரெண்டு இதழ். ஒரு பச்சை இலை.

"நீங்க ஸ்காட்லாந்துக்காரர்தான?" என்றேன். குரல் எனக்கே அழுவது மாதிரி கேட்டது.

"ஆமா, அதுக்கு?"

"இலை வச்ச பூவக் குத்தியிருக்கீங்க!"

"வேற எதக் குத்தறது? தெருமுனை பேக்கரில உண்டியல் இருக்கு, அவன் குடுக்கறதத்தான குத்த முடியும். பிறந்த ஊர்லருந்து பூவ மூட்டை கட்டிட்டா வருவாங்க? தினமும் ஒண்ணு விழுது. எங்க விழுதோ அங்க இன்னொண்ணு வாங்கறேன். பைத்தியமா நீங்க?"

நான் ஹெஸ்டரைப் பார்த்தேன். நாங்கள் வந்த வழி மொத்தமும் தப்பு என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முகம் சோர்ந்துபோகவில்லை. மாறாக, நாள் முழுவதும் இல்லாத ஒரு வெளிச்சம் அதில் வந்தது.

"எங்க விழுதோ அங்க," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கைக்குட்டையைப் பிரித்து அவரிடம் நீட்டினார். "இந்த மாதிரி ஒண்ணுதான் அந்த அறையில விழுந்தது, மிஸ்டர் கின்னெய்ர்ட்."

கிழவர் அதைப் பார்த்தார். கழுத்திலிருந்து மேலே சிவந்தார். அது வெட்கமா கோபமா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"வெளிய போங்க."

"அங்க போனது நீங்க இல்ல."

"வெளிய போங்கன்னேன்!" மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். "போகச் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். அதனாலதான் எனக்குப் பட்டமும் இல்ல, பதவியும் இல்ல, இங்க முட்டைக்கோஸுக்கு மண் அணைச்சிட்டிருக்கேன். இதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது."

"கோர்ட்டுக்கு வந்து இதச் சொல்வீங்களா? ஒருத்தரோட தம்பி உள்ள கிடக்கிறாரு."

அவர் ஹெஸ்டரின் கண்ணைப் பார்க்கவில்லை. "எனக்கும் பென்ஷன் இருக்கு, பேரன் பேத்தி இருக்கு," என்று முணுமுணுத்துவிட்டு எங்கள் மூக்குக்கு நேராகக் கதவைச் சாத்தினார். போக மறுத்தவர்தான், மதிக்கவேண்டிய மனிதர்தான். இருந்தாலும் அந்தக் கதவை எட்டி உதைக்கவேண்டும் போலிருந்தது எனக்கு.

காரில் ஏறியதும் வாய்விட்டுப் புலம்பினேன். "சாட்சி சொல்ல மாட்டாரு. பூவும் இவர்து இல்ல. நாளைக்குக் காலையில கதவ மூடப் போறாங்க, மேடம்."

"பூ பிறந்த ஊரச் சொல்லாது, ப்ரோசர். வாங்கின ஊரச் சொல்லும். அந்த ரகசியச் சிறையில நவம்பர்ல ஸ்காட்லாந்துப் பாப்பி ஒண்ணு விழுந்திருக்கு. அப்ப அதக் குத்தியிருந்தவரு எங்க விமானம் ஏறினாரு?"

"ஸ்காட்லாந்துல." நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "யாருமே ஏறலைன்னு லாம்போர்ன் சத்தியம் பண்ண விமானத்துல!"

"கின்னெய்ர்ட் மாட்டேன்னதும் அவருக்குப் பதிலா போகக்கூடியவர் யாரு? அவருக்கு அடுத்த நாற்காலியில அப்ப யார் இருந்தாங்க?"

அது பத்திரிகையிலேயே வந்த விஷயம், அந்த நாற்காலியில் இருந்தவருக்கு அந்த வருடக் கடைசியில்தான் பதவி உயர்வு. "லாம்போர்ன். ஆனா அவரு சுத்தமான லண்டன்காரராச்சே. நிரூபிக்கிறது எப்படி?"

"நிரூபிக்க வேண்டியதில்ல. காலையில அவரே நமக்குச் சொல்லிட்டாரு. பூவப் பத்தி அவர் பேசினத அப்படியே திருப்பிச் சொல்லு."

சொன்னேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், ஆனால் ஜோக் அடிக்கும் அவசரத்தில் அதைக் கோட்டைவிட்டிருந்தேன்.

* * *

மறுநாள் காலை அதே தாழ்வாரம். நீதிமன்றக் கதவுக்கு வெளியே இத்ரிஸ் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் எங்கள் வக்கீல். எதிரே லாம்போர்ன், மார்பில் இலை வைத்த புதுப் பூ. விட்லாக் பொய்முடியைக் கையில் வைத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன, சரியாகத் தூங்கவில்லை போலிருந்தது.

"ஆதாரம் கிடைச்சுதா, மிஸ் வெயின்?" என்றார் லாம்போர்ன். "இல்ல, மறுபடியும் பூ கதைதானா?"

"பூ கதைதான். ஒரு நிமிஷம் கேளுங்க. நீங்களும் கேளுங்க, மிஸ் விட்லாக்." ஹெஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒரு அதிகாரி ரகசியமா ஒரு இடத்துக்குப் போறாரு. மோதிரத்தக் கழட்டிட்டாரு, கோட்டுல தையல்காரர் பேர வெட்டிட்டாரு, அங்க போய் வாயே திறக்கல, குரலக்கூடக் காட்டல. அவ்வளவு கவனம். ஆனா அது நவம்பர். லண்டன்ல குத்தின பூ வழியில எங்கயோ விழுந்துடுச்சு. அமைச்சகத்து ஆளு வெறும் மார்போட நிக்க முடியுமா? ஸ்காட்லாந்து விமான நிலையத்துல ஒரு உண்டியல். காசப் போட்டு இன்னொண்ணக் குத்திக்கிட்டாரு. உலகத்துல வேற எந்த நாட்டுக்காரனும் இந்தத் தப்பப் பண்ண மாட்டான். நாம பண்ணுவோம்."

அவர் கைக்குட்டையைப் பிரித்து நான்கு இதழ்களையும் காட்டினார்.

"அழகான கற்பனை," என்றார் லாம்போர்ன். ஆனால் சிரிக்கவில்லை.

"நேத்து காலையில இதே இடத்துல, இலைகூட இல்லாத காகிதம்னு சொன்னீங்க. இலை இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தாளு வாக்குமூலத்துல இருக்கு."

"இல்ல, கிறிஸ்பின்."

பேசியது விட்லாக். குரல் தணிந்துதான் இருந்தது, ஆனால் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. "அதைத்தான் நேத்து உங்ககிட்ட கேட்டேன். படிங்கன்னீங்க. சாயங்காலம் உட்கார்ந்து வரி வரியாப் படிச்சேன். 'ஒரு சிவப்புக் காகிதப் பூ'ன்னு மட்டும்தான் இருக்கு. இலையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

லாம்போர்னின் கை கோட்டுப் பட்டனைத் தேடியது. "அப்ப நாடு பி அனுப்பின அறிக்கையில படிச்சிருப்பேன்..."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார்.

"எந்த அறிக்கை சார்?" என்றேன். "ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லைன்னு சத்தியம் பண்ணீங்களே, அந்த அறிக்கையா?"

"இவங்க ஆளுங்க பேசிக்கிட்டது எங்க காதுக்கு வந்திருக்கலாம்."

"ஒட்டுக் கேட்டோம்ங்கறீங்க. அதுக்குத் தனியா ஒரு கேஸ் போடலாம், எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா அதுவும் ஒத்துவராது சார். இலை இல்லைங்கறத இத்ரிஸ் முதல்முதலா வாயத் திறந்து சொன்னதே நேத்து மத்தியானம். நீங்க சொன்னது காலையில."

இத்ரிஸ் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தார். அவர் லாம்போர்னின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரையில விழுந்தத நேர்ல பாத்தவங்களுக்குத்தான் அதுல இலை இல்லைன்னு தெரியும்," என்றார் ஹெஸ்டர். "அந்த அறையில கண்ணு கட்டாதவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் நாடு பி ஆளு. இன்னொருத்தர் குனிஞ்சு எடுத்தவரு. இது பாப்பி மாதிரி இல்ல, யாரும் நம்மளக் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு இத்தனை வருஷமா உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கிட்டிருந்திருக்கீங்க. அந்தச் சமாதானம் நேத்து வாய் தவறி வெளிய வந்துடுச்சு."

லாம்போர்ன் விட்லாக்கிடம் திரும்பினார். குரலில் இப்போது தேன் தடவியிருந்தது. "ஆனர், நீங்க எங்க வக்கீல். இது உள்ள போச்சுன்னா நாடு பி நம்மகூடப் பேச்சையே நிறுத்திடும். யோசிச்சுப் பாருங்க. நாம எதுவுமே கேக்கல, எதுவுமே பேசல."

"நான் அரசாங்கத்துக்கு வாதாட வந்தவ. உங்களுக்காகப் பொய் சொல்ல வந்தவ இல்ல," என்றார் விட்லாக். "உங்க சத்தியப் பத்திரத்த நீதிபதி கையில குடுத்தது நான். அது பொய்னு தெரிஞ்ச பிறகு நான் சும்மா நிக்க முடியாது. நீங்களா உள்ள வந்து சொன்னா நல்லது. இல்லாட்டி நேத்து என் காதுல விழுந்தத நான் சொல்வேன்."

அவர் பொய்முடியைத் தலையில் வைத்துக்கொண்டார். வழக்கு முழுவதும் எங்களை எதிர்த்து நின்றவர், எனக்கு அவரைப் பிடித்ததே இல்லை. அன்றைக்குப் பிடித்தது.

உள்ளே எங்கள் வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள். லாம்போர்ன் அவசரமாகக் கோட்டை இழுத்துச் சரிசெய்தார். பூ கழன்று இத்ரிஸின் காலடியில் விழுந்தது.

பழக்கதோஷத்தில் லாம்போர்னின் கை கீழே வந்தது. பாதியிலேயே நின்றது. குனிந்தது இத்ரிஸ். தழும்பு தெரிய கையை நீட்டி, பூவை எடுத்து, அதன் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லாம்போர்னிடம் நீட்டினார்.

"அன்னிக்கு நீங்களே எடுத்துக்கிட்டீங்க. இன்னிக்கு நான் எடுத்துத் தர்றேன். வாங்கிக்கங்க சார்."

லாம்போர்ன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வாங்கிக்கங்க. என் தம்பியத் திருப்பிக் குடுங்க."

விட்லாக் நீதிமன்றக் கதவைத் தள்ளித் திறந்து, எங்களுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்ரிஸ் முதலில் போனார், பூ அவர் கையிலேயே இருந்தது. அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் உள்ளே போனோம், யாரும் எங்களை வெளியே நிற்கச் சொல்லவில்லை.